மாத்திரை, வெயில், பஸ் செலவு: வாசகர் கேள்விகள்

வேலூர் அருகே ஒரு தொண்டு நிறுவன மனநல மையத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் சில இங்கே. மருந்து சம்பந்தப்பட்ட பதில்களை எங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

தம்பிக்கு மனச்சிதைவு. ஆறு மாதம் உங்கள் மையத்திலேயே விட்டுவிடலாமா? அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்கிறோம். (குடியாத்தம்)

முடியாதுங்க, கோபித்துக்கொள்ளாதீர்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களையும் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். அதே பத்தாண்டில் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தொடங்கிய மனநல மையத்திலும் வீட்டார் கூடவே தங்கும் முறை வந்தது. நாங்களும் அந்த வழிதான். மாத்திரை ஆரம்பித்ததும் கை நடுங்குவதையும் நடை இறுகுவதையும் முதலில் கவனிப்பவர் கூடத் தங்குகிறவர்தான். தனியாக விடப்பட்டவர் தெளிந்து வீட்டுக்கு வந்தால், அவரோடு எப்படிப் பேசுவதென்றே அங்கே யாருக்கும் தெரிவதில்லை. கொஞ்ச நாளில் மாத்திரையும் நின்றுவிடுகிறது. நீங்களும் அம்மாவும் ஆளுக்கொரு வாரம் மாறி மாறி இருந்தாலும் சரி, வாருங்கள்.

நடத்துவது தொண்டு நிறுவனம் என்கிறீர்கள், பிறகு ஏன் பணம் வாங்குகிறீர்கள்? (ஒடுகத்தூர்)

லாபம் பங்கு போட யாரும் இல்லை என்பதுதான் தொண்டு நிறுவனத்துக்கு அர்த்தம். டாக்டர் சம்பளமும் கரண்ட் பில்லும் எங்களுக்கும் உண்டு. முடிந்தவர் கொடுக்கிறார், முடியாதவருக்கு நன்கொடையில் போகிறது. உள்ளதைச் சொன்னால், மாத்திரை செலவால் சிகிச்சையை நிறுத்தியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மலையடிவாரத்திலிருந்து வேலூர் வர இரண்டு பேருக்கு பஸ் செலவு, இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. அங்கேதான் அறுந்துபோகிறது. அதனால் மாதம் ஒருமுறை நாங்களே ஊருக்கு வருகிறோம். ஒரு பாட்டி மாத்திரை அட்டைகளை ரேஷன் கார்டோடு மஞ்சள் பையில் வைத்திருப்பார். போனதும் எங்கள் களப்பணியாளர் செய்கிற முதல் வேலை, காலிக் குழிகளை எண்ணுவது. கணக்கு உதைத்தால் திட்டுவதில்லை, காரணம் கேட்கிறோம். பெரும்பாலும் "தூக்கமா வருது, களை எடுக்க முடியல" என்பார்கள். நேரத்தையோ அளவையோ டாக்டர் மாற்றிக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இலவச மருந்து உண்டு. பக்கத்தில் கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள், எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை போடுகிறேன். தோல் ஷெட்டில் வேலை. வெயில் காலத்தில் ஜாக்கிரதை என்றார்கள், ஏன்? (ராணிப்பேட்டை)

வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைத் தேக்கிவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறிவிடும். அக்னி நட்சத்திரத்தில் நம்மூர் வெயிலைச் சொல்லவா வேண்டும்! தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும், பத்தியம் என்று திடீரென உப்பை நிறுத்தாதீர்கள். இன்னொன்று, முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் லித்தியம் அளவை இப்படி ஏற்றிவிடும். வாந்தி, பேதி, கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனை, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடலாம்.

மகன் மாத்திரை போட மறுக்கிறான் என்று தயிர்சாதத்தில் பொடித்துக் கலக்கிறேன். தப்பா? (அணைக்கட்டு)

உங்கள் கஷ்டம் புரிகிறது அம்மா. ஆனால் அவன் ஒருநாள் கண்டுபிடிப்பான், அப்புறம் உங்கள் கையால் சோறே சாப்பிட மாட்டான். சில மாத்திரைகளைப் பொடிக்கவும் கூடாது. மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அவனையும் உட்காரவைத்துப் பேசுவோம், கூட்டி வாருங்கள்.

வெறி அதிகமானால் சங்கிலியில் கட்டச் சொல்கிறார்கள் ஊரார். (பேரணாம்பட்டு)

வேண்டவே வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் சங்கிலியைத் தடைசெய்கிறது. நடுராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அடிதடி அளவுக்குப் போனால் 108.