முயல் பஃப்ஸ் காது கோணிக்குதா?
ஈஸ்டர் காலை விருந்துக்கு முயல் வடிவ பஃப்ஸ் செஞ்சா காது உப்பி கோணிக்குதுன்னு கேட்டிருந்தீங்க சிஸ்டர், ஊட்டின்னு வேற சொல்றீங்க, அந்த உயரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிரும், ஆவி சீக்கிரம் கிளம்பி மாவைத் தூக்கிரும், குன்னூர்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான். காதுல மட்டும் முள்கரண்டியால நல்லா குத்தி விடுங்க. முயலா வெட்டின பஃப்ஸ் மாவு ஷீட்டை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு ஜில்லுன்னு எடுத்து, முன்னாடியே 200 டிகிரி சூடேறின ஓவன்ல நேரா தள்ளுங்க. ஊட்டி குளிரே போதும்னு வெளிய வச்சிராதீங்க, ஓவன் எரியுற கிச்சன்ல மாவுக்குள்ள இருக்கிற வெண்ணெய் இளகிரும்! முட்டை தடவுறப்போ வெட்டின ஓரத்துல வழிஞ்சா அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டு சாய்ஞ்சு தூக்கும், கோணலுக்கு பாதி காரணம் அதுவாத்தான் இருக்கும். உள்ள வைக்கிற கேரட் மசாலா தண்ணி சுண்ட வதக்கி ஆற வச்சது தானே? கண்ணுக்கு மிளகு போதும், திராட்சை வேணாம், கார பஃப்ஸ்ல இனிப்பு எனக்குப் பிடிக்காது.