மாசிடோனிய நடனமும் மேடையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதற்காக மாசிடோனியாவின் (இன்று வடக்கு மாசிடோனியா) 'தானெட்ஸ்' என்ற அரசு நடனக் குழு ஆடும் தெஷ்கோட்டோ நடனத்தை இணையத்தில் பார்த்தேன். ஆண்கள் தோளோடு தோள் சேர்ந்து, ஒற்றைக்காலில் அப்படியே நிற்பதைப் பார்த்தபோது மெய்சிலிர்த்தது. அப்புறம் ஒரு நெருடல். அரசுச் சம்பளத்தில், ஒத்திகை பார்த்து, விளக்கு வெளிச்சத்தில் ஆடுவதை நாட்டார் மரபு என்று சொல்லலாமா? கிராமத்தில் இருப்பதுதானே அசல்?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

சம்பளமும் விளக்கும் எனக்கு உறுத்தவில்லை. மேடைக்கு வந்தபோது அந்த நடனம் இழந்தது என்ன என்பதுதான் என் கவலை.

தெஷ்கோட்டோ மேற்கு மாசிடோனியாவின் மலைகளில், கலிச்னிக் என்ற ஊரின் பக்கம் வாழ்ந்த மியாக்குகள் என்ற மக்களின் நடனம். ஆடு மேய்த்தவர்கள். ஆண்களில் பலர் கொத்தனார்களாகவும் மரச்சிற்பிகளாகவும் ஊர் ஊராகப் பிழைக்கப் போனார்கள். கோடையில்தான் வீடு திரும்புவார்கள். அதனால் ஊரின் கல்யாணங்களெல்லாம் ஜூலை 12, புனித பேதுரு திருநாளை ஒட்டியே நடந்தன. மறுபடி பிரியப்போகிறவர்களின் நடனம் என்றே இதைச் சொல்வார்கள்.

இதற்கு வாசிப்பவர்கள் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள். அவர்கள் ஊதும் ஸுர்லா நம் நாதஸ்வரத்தின் உறவுக்காரன் மாதிரி. ஒன்று மெட்டை வாசிக்க, இன்னொன்று ஒத்துப் பிடிக்கும். கூடவே தோளில் தொங்கும் தாபன் என்ற பெரிய மேளம். ஆரம்பத்தில் எண்ணிப் பிடிக்கும்படியான தாளமே இருக்காது. வரிசையின் தலைவன் காலைத் தூக்குகிறான். அது எப்போது இறங்கும் என்று மேளக்காரர் அவன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கால் இறங்கும்போதுதான் அடி விழுகிறது. மெல்ல மெல்ல வேகம் பிடித்து, கடைசியில் தலைவன் அந்த மேளத்தின் மேலேயே ஏறி நிற்கிறான்.

கிராமத்தில் இந்த நேரம் முழுக்க அவனுடையது. எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது வேகம் கூட்டுவது என்பதை அன்றைய மனநிலை தீர்மானித்தது. மேடையில் இது சில நிமிடங்களில் முடிந்தாக வேண்டும். வட்டத்துக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஆடியவர்கள் பார்வையாளர் பக்கம் திரும்பிவிட்டார்கள். எனக்கு இது பெரிய இழப்பு.

ஆனாலும் தானெட்ஸைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1949இல் தலைநகர் ஸ்கோப்யேயில் அரசு இந்தக் குழுவைத் தொடங்கியது. அப்போது மாசிடோனியாவும் சேர்ந்திருந்த யுகோஸ்லாவியாவில் பெல்கிரேடின் கோலோ, ஸாக்ரெபின் லாதோ போன்ற நடனக் குழுக்களெல்லாம் பிறந்த காலம் அது. பிழைப்பு தேடி மலையூர்கள் காலியாகிக்கொண்டிருந்தன. இன்று கலிச்னிக்கில் குளிர்காலத்தில் தங்குபவர்கள் மிகச் சிலர். ஜூலையில் நடக்கும் புகழ்பெற்ற கல்யாணமும் இப்போது ஒரு விழாதான். ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள், வெளியூர் போனவர்களும் சுற்றுலாப் பயணிகளும் வந்து கூடுகிறார்கள். ஆக, நீங்கள் தேடும் அசல் கிராமமும் ஒருவகையில் மேடையாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. தானெட்ஸ் 1956இல் அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க்கின் கார்னகி அரங்கம் உட்படப் பல இடங்களில் ஆடியது. அதைப் பார்த்த அமெரிக்க நடன ஆர்வலர்கள் பலர் பால்கன் நடனங்கள் பக்கம் திரும்பினார்கள். சிலர் கற்றுக்கொள்ள நேரே பால்கன் கிராமங்களுக்கே போனார்கள். மேடையில் பார்த்ததுதான் அவர்களை அங்கே அனுப்பியது.

நடனத்தின் நேரம் தலைவன் கையில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால், கிழக்கே த்ராம்ச்சே ஊரின் கொபாச்காவைத் தேடிப் பாருங்கள். 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த நடனம் இது. ஆண்கள் இடுப்புக் கச்சையைப் பிடித்து அரைவட்டமாக நின்று, நடப்பதுபோல் மெதுவாகத் தொடங்குவார்கள். பிறகு குதியும் மிதியுமாக வேகமெடுக்கும். ஒவ்வொரு புது அடவுக்கும் தலைவன் சைகை கொடுப்பான். அப்புறம் தானெட்ஸின் தெஷ்கோட்டோவை இன்னொரு முறை போட்டு, மேளக்காரர் யாரைப் பார்த்து வாசிக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.