எத்தியோப்பிய உணவகத்தில் சைவக்காரர்கள் சாப்பிட முடியுமா? ஒரே தட்டில் எல்லோரும் கை வைப்பார்களாமே?

அடுத்த மாதம் அமெரிக்கா போகிறீர்கள், நண்பர்கள் எத்தியோப்பியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார்கள், நீங்களோ சைவம், எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுவது வேறு யோசனையாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சைவத்துக்குப் பதில் ஒரு வரிதான்: புதன் அல்லது வெள்ளிக்கிழமை போங்கள். தட்டு விஷயத்துக்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா திருநெல்வேலி. சைவ வீடு. முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் அண்ணன் குடித்த டம்ளரில் நான் தண்ணீர் குடித்தால்கூட "எச்சிலே" என்று சத்தம் வரும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கை நம் இலைப் பக்கம் வந்துவிட்டால் அம்மாவுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்காது. அப்படிப்பட்டவரை அழைத்துக்கொண்டு 2019 அக்டோபரில் வாஷிங்டனில் சுற்றிக்கொண்டிருந்தேன். காலையில் கட்டிக்கொண்டு போன புளியோதரை மியூசியம் வாசலிலேயே தீர்ந்துவிட்டது. மதியம் இரண்டு மணி இருக்கும், டாக்ஸியில் ஏறினோம்.

வாஷிங்டனில் டாக்ஸி பிடித்தால் ஓட்டுநர் எத்தியோப்பியராக இருக்க வாய்ப்பு அதிகம். 1974-இல் பேரரசர் ஹைலே செலாசியைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சிக்கு வந்தபோது தப்பித்து வந்தவர்களில் ஏராளமானோர் இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் குடியேறினார்கள். எங்கள் ஓட்டுநரும் அந்த நாட்டுக்காரர். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரும் சாப்பிடவில்லையாம். "இன்றைக்குப் புதன்கிழமை, விரதம். மூன்று மணிக்கு மேல்தான்" என்றார்.

அம்மா சட்டென்று முன்னால் சாய்ந்தார். என்ன விரதம், என்னென்ன சேர்க்கக் கூடாது என்று என்னை மொழிபெயர்ப்பாளராக்கி ஒரு விசாரணையே நடந்தது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் நீண்ட விரதம் தனி. வேறு சில விரதங்களையும் சேர்த்தால் வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள். அந்த நாட்களில் கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. "நெய்யுமா கூடாது? நம்ம விரதத்தைவிடக் கடுசால்லா இருக்கு" என்றார் அம்மா. அந்த ஓட்டுநர் மேல் அவருக்கு வந்த மரியாதை கொஞ்சமில்லை. அவர் சொல்லும் கடைக்கே போவோம் என்று முடிவாகிவிட்டது.

யூ தெருவுக்குப் பக்கத்தில் ஒன்பதாவது தெருவில் இறக்கிவிட்டார். பத்துப் பன்னிரண்டு மேசை உள்ள சின்னக் கடை. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் சமையல்கட்டு, அவர் கணவர் கல்லா, மகள் பரிமாறுகிறாள். மேசை என்றால் நம் மேசை இல்லை. பனையோலைப் பெட்டி மாதிரி பின்னி, இடுப்பு உயரத்தில் நிற்கிற வண்ணக் கூடை. மெசோப் என்கிறார்கள். மகள் ஒரு கூஜாவும் கிண்ணமும் கொண்டுவந்து நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஸ்பூன் கிடையாது. இதுவரை அம்மாவுக்குப் பூரண திருப்தி.

பிறகு தட்டு வந்தது. ஒன்றே ஒன்று. தட்டு முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பெரிய இஞ்செரா, அதாவது அவர்களுடைய புளித்த மாவு ரொட்டி, அதன் மேல் சின்னச் சின்னக் குவியலாக ஏழெட்டு வகை. அம்மா என்னைப் பார்த்தார். "ஏலே, தனித்தனியா கேட்கக் கூடாதா?"

கேட்டால் தருவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குள் அந்தக் கணவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். இந்தியாவா என்றார். ஆமாம் என்றதும், தனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்தது இந்தியர்கள்தான் என்று ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் எத்தியோப்பியாவில் சின்ன ஊர்ப் பள்ளிகளில்கூட இந்திய ஆசிரியர்கள் இருந்தார்கள், மலையாளிகள் அதிகம். இன்றைக்கு அறுபதைத் தாண்டிய எத்தியோப்பியர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரு இந்திய வாத்தியார் வந்துவிடுவார். எங்கள் அம்மாவும் கணக்கு டீச்சர்தான் என்று நான் சொன்னதுதான் தாமதம், மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "அஸ்தமாரி!" என்று மனைவியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஆசிரியர் என்று அர்த்தமாம்.

சமையல்கட்டிலிருந்து அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மா பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இஞ்செராவில் ஒரு துண்டு கிழித்து, அதில் சிவப்புப் பருப்பையும் கீரையையும் அள்ளி, வெற்றிலை மடிப்பது போல மடித்து அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினார்.

இதற்குப் பெயர் குர்ஷா. அன்புக்கும் மரியாதைக்கும் ஊட்டிவிடுவது. மறுத்தால் மனசு நோகும் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. சொல்ல நேரமும் இல்லை. அம்மா ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்துவிட்டார்.

ஒன்றோடு விடமாட்டார்கள். இரண்டாவதும் வந்தது, மூன்றாவதும் வந்தது. உருண்டையும் சின்னது இல்லை. பெரிதாக இருந்தால்தான் பிரியம் பெரிது என்று கணக்கு.

இனி அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று பார்ப்போம், உங்களுக்கு ஆர்டர் செய்ய உதவும். "யெட்சோம் பெயாய்நெத்து" என்று கேளுங்கள். விரத நாள் கதம்பத் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். பல கடைகளில் எல்லா நாளும் கிடைக்கும். வொட் என்றால் குழம்பு. மிசிர் வொட் என்பது மைசூர்ப் பருப்பில் பெர்பெரே என்ற மிளகாய்ப் பொடி போட்ட காரக் குழம்பு. வாயில் வைத்ததும் "வெந்தயம் போட்டிருக்கா" என்றார் அம்மா. சரிதான், பெர்பெரேயில் வெந்தயம் உண்டு. வெங்காயத்தை முதலில் எண்ணெயே விடாமல் வெறும் சட்டியில் நெடுநேரம் வதக்குவார்கள், குழம்பின் கெட்டித்தனம் அதில்தான் வருகிறது. அலிச்சா என்று பெயரில் வந்தால் காரமில்லாதது, மஞ்சள் போட்டது. கிக் அலிச்சா நம் வீட்டுப் பருப்புக்குச் சித்தி மகள். கொமென் கீரை, ஃபொசோலியா பீன்ஸும் கேரட்டும். ஷிரோ கடலை மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டது, தட்டில் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் போசெனா ஷிரோ என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், அதில் கறி இருக்கும். கொமென் பெசிகா என்றாலும் அப்படியே. விரதமில்லாத நாளில் போனால் பருப்பிலும் மசாலா நெய் விட்டிருக்கலாம், உங்களுக்கு நெய் ஆகாதென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் விரதத்திலும் மீன் சாப்பிடுவதால் கதம்பத்தில் மீன் உண்டா என்றும் ஒரு வார்த்தை.

இஞ்செராவை நம்மவர்கள் எல்லோரும் "தோசை மாதிரி" என்பார்கள். அம்மாவின் தீர்ப்பு வேறு: "ஆப்பத்துப் புளிப்பு, தோசை உருவம், ஆறிப்போச்சு." சூடாகத் தரமாட்டார்கள், அது அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பதால் மேலே முழுக்கப் பொத்தல் பொத்தலாக இருக்கும். அந்தப் பொத்தல்களைக் கண் என்று சொல்கிறார்கள், கண் நிறைய இருந்தால்தான் நல்ல இஞ்செரா. இஞ்செரா செய்வது டெஃப் என்ற தானியத்தில், அது கசகசா மாதிரிப் பொடிசு. மாவு மூன்று நாள் புளிக்கிறது. போன தடவை மாவின் மேல் தெளிந்து நின்ற நீரை எடுத்துவைத்துப் புதிதில் ஊற்றுவார்களாம். "உறைமோர் மாதிரி" என்றார் அம்மா. அமெரிக்காவில் பல கடைகளில் டெஃப்போடு கோதுமையோ பார்லியோ கலப்பார்கள், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் விசாரிக்க வேண்டும்.

சாப்பிடும்போது பிசையாதீர்கள். நாங்கள் இருவருமே முதலில் அதைத்தான் செய்தோம், மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தனியாகச் சுருட்டிவைத்திருக்கும் இஞ்செராவில் ஒரு துண்டு கிழித்து, உங்களுக்கு எதிரே இருப்பதை மட்டும் அதால் கவ்வி எடுக்க வேண்டும். விரலில் சாறு படாது, வாயிலும் விரல் படாது. விரலை நக்குவது அங்கே பெரிய அநாகரிகம். கவனித்துப் பார்த்தால், ஒரே தட்டே தவிர எச்சில் கலப்பதற்கு வழியே இல்லை. அம்மா அரைமணி நேரம் இதை உன்னிப்பாகக் கவனித்துவிட்டுத்தான் தன் பக்கத்திலிருந்து என் பக்கத்துக் கீரைக்குக் கையை நீட்டினார். கடைசியில் தட்டின் அடியில் எல்லாச் சாறும் ஊறிக் கிடக்கும் இஞ்செரா இருக்கிறதே, அதற்கு வயிற்றில் இடம் வையுங்கள்.

காபிக்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் ஆகும். பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, புகையை முகர்ந்து பார்க்கக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் சாம்பிராணி. தொட்டுக்கொள்ளச் சோளப்பொரி. கறுப்பு மண் கூஜாவிலிருந்து காதில்லாத குட்டிக் கிண்ணங்களில் ஊற்றினார்கள். முதல் சுற்று அபோல், அதே தூளில் மறுபடி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தது தோனா, மூன்றாவது பெரெகா. "மூணாம் டிகாஷன் வரைக்கும் விடமாட்டேங்காளே" என்றார் அம்மா. பாலில்லாத காபியை வாழ்நாளில் குடித்திராதவர் மூன்றையும் குடித்தார்.

இரண்டு பேருக்கும் சேர்த்து முப்பது டாலரைத் தாண்டவில்லை. காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

அன்று இரவு அம்மா பெரியம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னார். புதன்கிழமை விரதம், மூன்று நாள் மாவு, சாம்பிராணிக் காபி. ஊட்டிவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

பிறகு ஒருமுறை லாஸ் ஏஞ்சல்ஸில் வேலையாகப் போனபோது ஃபேர்ஃபாக்ஸ் அவென்யூவில் தனியாகச் சாப்பிட்டேன். ஒரு ஆளுக்கென்று சின்னத் தட்டு தருகிறார்கள், சங்கடமெல்லாம் இல்லை. பக்கத்தில் ஒரு குடும்பம், பாட்டி முதல் பேரன் வரை. நான் உட்காரும்போதே அந்தப் பாட்டி தன் தட்டைக் காட்டி "எனிப்லா" என்றார். சாப்பிடுவோம் வா என்று அர்த்தம். நம் ஊரில் சொல்வது போல "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பாட்டிக்குப் புரிந்ததா தெரியாது, இன்னொரு தடவை கூப்பிட்டார்.