மதத்துக்கு மார்க் போடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்க சைட்டை நாலஞ்சு வருஷமா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. எனக்கு ஓசூர்ல வேலை. சொந்த ஊர் அருப்புக்கோட்டை பக்கம், சைவக் குடும்பம். மனைவி கத்தோலிக், அவங்க ஊர் வள்ளியூர் பக்கம். லவ் மேரேஜ்தான். பொண்ணுக்கு இப்ப ஆறு வயசு. இத்தனை நாள் ஒரு பிரச்சினையும் இல்ல, இப்ப ரெண்டு பக்கத்து தாத்தா பாட்டியும் பிள்ளைக்கு எந்த சாமியை சொல்லிக்குடுக்கப் போறேன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க.

உணர்ச்சிவசப்படாம முடிவு பண்ணலாம்னு ஒரு எக்செல் ஷீட் போட்டேன். ஆறு மதம், பத்து தலைப்பு. உயிர்க்கொலை, பெண்கள், ஏழைகள், மத்த மதத்துக்காரன், கேள்வி கேக்குற உரிமை இப்படி. ஒவ்வொண்ணுக்கும் அந்தந்த வேத நூல்லேர்ந்து வசனம் எடுத்து பத்துக்கு மார்க். புத்த மதம் 87 வாங்கி முதல்ல வந்துச்சு. என் மதமும் மனைவி மதமும் 60க்கு கீழ. மாமனார்கிட்ட காட்டினேன், "மாப்ள, இதுல பைபிள் இருக்கு, எங்க கோயில் எங்க இருக்கு?"ன்னு கேட்டார். பதில் சொல்ல முடியாம திசை திருப்புறார்னு நினைக்கிறேன்.

எல்லா மதமும் ஒண்ணுதான்னு சொல்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல. போதனைகளை ஒப்பிட்டு எது நல்ல மதம்னு சொல்ல முடியாதா? என் முறையில என்ன தப்பு?

ச.

அன்புள்ள ச.,

மொதல்ல ஒத்துப்போற விஷயத்தை சொல்லிடுறேன். எல்லா மதமும் ஒண்ணுதான்னு சொல்றவங்க பெரும்பாலும் எதையும் நாலு பக்கம்கூட படிக்காதவங்க. சமணத்துல உலகத்தை படைச்ச கடவுள்னு ஒருத்தர் கிடையாது, இஸ்லாத்துல அந்த ஒருத்தன்தான் எல்லாம், நிலையான ஆத்மான்னு ஒண்ணு இல்லவே இல்லேன்னு புத்தர் சொன்னார், சைவ சித்தாந்தமோ பதி (கடவுள்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூணுமே ஆரம்பம் இல்லாததுங்குது. இதை எல்லாம் ஒண்ணுன்னு சொன்னா நாலு பேருக்குமே மரியாதை இல்ல. ஒப்பிடலாம், ஒப்பிடணும். அதுல உங்க பக்கம்தான் நான்.

ஆனா ஷீட் விஷயத்துல மாமனார் பக்கம்.

இருபது வயசுல நானும் இதே வேலையை பண்ணேன், எக்செல் இல்லாத காலம்ங்கிறதால இருநூறு பக்க கோடு போட்ட நோட்டு. மதத்துக்கு நாப்பது பக்கம்னு பிரிச்சு, இடது பக்கம் வசனம், வலது பக்கம் என் அபிப்ராயம். ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒரு வருஷம் எழுதினேன், நோட்டு கிழிஞ்சு போச்சு, பைண்ட் பண்ணலாம்னு எங்க தெரு முனை பைண்டிங் கடை பாய்கிட்ட எடுத்துட்டு போனேன். அவர் பசை தடவுறதுக்கு முன்னாடி பக்கம் வரிசையா இருக்கான்னு புரட்டிப் பாத்தார். பாத்துட்டு தலைய நிமிராமலே கேட்டார், "தம்பி, எல்லாப் பக்கமும் நீல பேனா, எங்க பக்கத்துல மட்டும் அடிக்கோடு சிவப்புல இருக்கே, ஏன்?" அதுவரைக்கும் அதை நான் கவனிக்கவே இல்ல, சத்தியமா. வேணும்னு பண்ணது இல்ல. வீட்டுல பேசுற பேச்சு, பேப்பர்ல வர்ற செய்தி எல்லாம் சேந்து என் கையில சிவப்பு பேனாவை குடுத்திருக்கு. மத்த மதங்கள்ல நல்ல வசனமா தேடிப் போயிருக்கேன், அவர் மதத்துல மட்டும் தப்பு தேடிப் போயிருக்கேன். பாய் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல, பைண்ட் பண்ணி குடுத்துட்டார். உங்க ஷீட்ல எந்த செல்லுக்கு எந்த வசனம்னு எடுத்தது யாரு, நீங்கதானே? அப்ப அந்த 87 புத்தர் வாங்கினது இல்ல, நீங்க குடுத்தது.

1985ல ஸ்வீடன்ல ஒரு தகராறு. ஸ்டாக்ஹோம் பக்கத்துல மார்மன் சபைக்காரங்க (அமெரிக்காவுல தோன்றின ஒரு கிறிஸ்தவப் பிரிவு) கோயில் கட்டுறாங்க, ஊர்ல எதிர்ப்பு. அங்க லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) பிஷப்பா இருந்தவர் கிறிஸ்டர் ஸ்டெண்டால், மார்மன்களோட இவருக்கு கொள்கை ஒத்துப்போகவே போகாது, ஆனாலும் எதிர்க்கிறவங்களுக்கு மூணு விஷயம் சொன்னார். ஒரு மதத்தைப் பத்தி தெரிஞ்சுக்கணும்னா அதுல இருக்கிறவன்கிட்ட கேளு, அதோட எதிரிகிட்ட கேக்காத. உன்கிட்ட இருக்கிற நல்லதையும் அவன்கிட்ட இருக்கிற கெட்டதையும் எதிரெதிர வைக்காத. மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அவங்ககிட்ட இருக்கிற ஏதோ ஒண்ணு நம்மகிட்ட இல்லையேன்னு பொறாமைப்பட மனசுல கொஞ்சம் இடம் வச்சுக்க. நம்ம டிவி விவாதத்துல இந்த மூணுல ஒண்ணை கடைப்பிடிச்சாகூட பாதி சேனலை மூட வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கல், உசத்தியான வசனம் எல்லார்கிட்டயும் இருக்கு. "இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்"னு வள்ளுவர். உனக்கு வெறுப்பா இருக்கிறதை அடுத்தவனுக்கு பண்ணாதேன்னு யூத குரு ஹில்லேல். மத்தேயு ஏழாம் அதிகாரத்துல இயேசு, சீனாவுல கன்பூசியஸ், தனக்கு விரும்புறதை தன் சகோதரனுக்கும் விரும்பாதவன் விசுவாசியே இல்லேன்னு நபிமொழி. எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போடணும். எல்லாரும் சென்டம் வாங்குற பரிட்சையை வச்சு யாரு ஃபர்ஸ்ட்னு சொல்ல முடியுமா?

இப்ப மாமனார் கேள்விக்கு வரேன். அவர் திசை திருப்பல. நீங்க வள்ளியூர் மாப்பிள்ளை, வடக்கன்குளம் கேள்விப்பட்டிருப்பீங்க. அங்க இருக்கிற திருக்குடும்ப ஆலயத்தை 1870கள்ல எப்படி கட்டினாங்க தெரியுமா, பீடம் ஒண்ணு, அதுலேர்ந்து பேண்ட் கால் மாதிரி ரெண்டா பிரிஞ்சு போற ரெண்டு கூடம். ஒரு பக்கம் பிள்ளைமார், முதலியார், இன்னொரு பக்கம் நாடார், மத்தவங்க. பூசை வைக்கிற சாமியார் நிக்கிற இடத்துலேர்ந்து பாத்தா ரெண்டு கூட்டமும் தெரியும், ஆனா ஒரு கூட்டத்துக்கு இன்னொரு கூட்டம் கண்ணுல படாது. இஞ்சினியரிங்னா இதான்! அந்தப் பீடத்துல நின்னுதான் "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை"ங்கிற பவுல் நிருபத்தையும் வாசிச்சிருப்பாங்க. 1910ல திருச்சபையே முடிவெடுத்து பிரிச்சிருந்த தடுப்பை இடிச்சுது. உடனே பிள்ளைமாரும் முதலியாரும் கோர்ட்டுக்கு போனாங்க, சுவரை திரும்ப கட்டிக்குடு, பீடத்துல உதவி செய்ற உரிமை எங்களுக்கு மட்டும்தான்னு பிஷப் மேலயே கேஸ். மெட்ராஸ் ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு.

சரி, கிறிஸ்தவத்துக்கு மைனஸ் போட்டுக்கலாம்னு கை வைக்காதீங்க, இப்ப உங்க ஊர்ப் பக்கம் வாங்க. அருப்புக்கோட்டையிலேர்ந்து கமுதி எவ்வளவு தூரம்? 1897ல அங்க மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள்ள நாடார்கள் நுழைஞ்சு சாமி கும்பிட்டாங்க. கோயில் பரம்பரை தர்மகர்த்தா ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி, அவர் தரப்புல கேஸ். அது கீழ்கோர்ட், ஹைகோர்ட்னு ஏறி அப்ப கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908ல நாடார்களுக்கு உள்ள போக உரிமை இல்லேன்னு தீர்ப்பாச்சு. இந்த பாஸ்கர சேதுபதி யாருன்னா, சிகாகோ சர்வமத சபைக்கு போங்கன்னு விவேகானந்தரை தூண்டினவர்கள்ல முக்கியமானவர். அதே 1897 ஜனவரியில விவேகானந்தர் பாம்பன்ல வந்து இறங்கினப்ப எதிர்கொண்டு வரவேற்றதும் இவர்தான். எல்லா நதியும் கடல்ல கலக்குற மாதிரின்னு சிகாகோவுல சொன்ன மனுஷனுக்கு ஜனவரியில மாலை, மே மாசம் கமுதியில கோயில் படி ஏறினவனுக்கு வழக்கு. நியாயமா இன்னொண்ணையும் சொல்லணும், ராஜா பின்னாடி மனசு மாறி சமரசத்துக்கு வந்தார், மத்தவங்க எதிர்ப்புல அது எடுபடல. 1939ல மதுரை மீனாட்சி கோயில்ல வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவங்களையும் நாடாரையும் கூட்டிட்டு உள்ள போனதுக்கு அப்புறம்தான் கோயில் நுழைவுச் சட்டமே வந்துச்சு.

ஆக ஒரே ஜாதிக்காரங்க, ஒரே காலம், ரெண்டு மதம், போதனை தலைகீழ் வித்தியாசம், ரெண்டு இடத்துலயும் சுவர். அதனால மதத்தை பீடத்துலேர்ந்து பாத்து மார்க் போடுறதை நான் விட்டுட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் இடத்துலேர்ந்து பாக்குறேன். அவன் அந்த மதத்தோட சொந்த வசனத்தையே எடுத்துக்கிட்டு வந்து "நீ சொன்னது ஒண்ணு, செய்றது ஒண்ணு"ன்னு பெரியவங்க மூஞ்சிக்கு நேரா கேக்க முடியுதா, கேட்டா சுவர் கொஞ்சமாவது அசையுதா, அசையலேன்னா அவன் நிம்மதியா வெளிய போக முடியுதா. எனக்கு இந்த மூணுதான். இதுக்கு பதில் வேத நூல்ல இருக்காது, ஊருக்கு ஊர், காலத்துக்கு காலம் மாறும். ஒரே மதம் ஒரு ஊர்ல பாஸ், அடுத்த ஊர்ல ஃபெயில்.

நெசமாவே போதனைகளை ஒப்பிட்டு மதம் மாறின ஒருத்தர்னா அம்பேத்கர்தான். நாசிக் காலாராம் கோயில்ல 1930லேர்ந்து அஞ்சு வருஷம் உள்ள விடச்சொல்லி போராடிப் பாத்தார், சுவர் அசையல. 1935 அக்டோபர்ல இயோலாவுல, இந்துவா பொறந்தேன், இந்துவா சாக மாட்டேன்னு அறிவிச்சார். அப்புறம் இருபத்தொரு வருஷம்! சீக்கிய மதம் வரைக்கும் போய் யோசிச்சார். 1956 அக்டோபர் 14 நாக்பூர்ல லட்சக்கணக்கான ஜனங்களோட பௌத்தம். உங்க ஷீட்டும் அவர் முடிவும் ஒண்ணா வருதேன்னு சந்தோஷப்படாதீங்க, அவர் பௌத்தத்தை இருந்தபடியே எடுத்துக்கல. துன்பம் பத்தின புத்தரோட அடிப்படைப் போதனைன்னு சொல்ற நாலு உன்னத உண்மைகளே பிக்குகள் பின்னாடி சேத்ததா இருக்கலாம்னு சந்தேகப்பட்டார். கிழவன், நோயாளி, பிணம் பாத்து சித்தார்த்தன் வீட்டை விட்டு போனான்ங்கிற கதையையும் ஏத்துக்கல, ரோகிணி ஆத்து தண்ணிக்கு சாக்கியரும் கோலியரும் அடிச்சுக்கிட்ட தகராறுலதான் வெளியேறினார்னு எழுதினார் (காவிரிக்காரங்க நமக்கு இது டக்குன்னு புரியும்). மதம் மாறினப்ப ஜனங்க எடுத்துக்கிட்ட இருபத்திரண்டு உறுதிமொழியும் அவரே எழுதினது. அதாவது முதல் மார்க் குடுத்த மதத்தையே அவர் உக்காந்து திருத்தினார்.

அதே 1956, அதே புத்த ஜெயந்தி 2500ஆவது வருஷம், கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்க. கொழும்புல சிங்களம் மட்டுமே ஆட்சிமொழிங்கிற சட்டத்துக்கு பிக்குகள் முன்னாடி நின்னாங்க. ஜூன் 5 காலிமுகத் திடல்ல சத்தியாகிரகம் உக்காந்த தமிழரசுக் கட்சிக்காரங்களை கும்பல் அடிச்சுது. சட்டத்தை கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்காவையே மூணு வருஷம் கழிச்சு சுட்டது காவி உடுத்துன ஒரு பிக்கு, சோமராம தேரர், சதித்திட்டம் போட்டதுன்னு தண்டனை வாங்கினது களனி விகாரைத் தலைமை பிக்கு. பௌத்தர்களோட அஞ்சு ஒழுக்க விதியான பஞ்சசீலத்துல முதல் சீலமே உயிர்க்கொலை கூடாது. இதுல சோமராம தேரர் 1962ல தூக்குக்கு முன்னாடி கிறிஸ்தவரா ஞானஸ்நானம் வாங்கிட்டார், அதை உங்க ஷீட்ல யார் கணக்குல சேப்பீங்க?

பொண்ணு விஷயம். ஆறு வயசுக்கு மதம் முடிவு பண்ண அவசரம் ஒண்ணும் இல்ல, அவ பாட்டுக்கு ரெண்டு கோயிலுக்கும் போகட்டும், தாத்தா பாட்டிங்க அவங்கவங்க சாமியை சொல்லிக்குடுக்கட்டும், நீங்க நடுவுல நடுவர் மாதிரி நிக்காதீங்க. கொஞ்சம் வளந்து கேள்வி கேக்குற வயசு வந்ததும் ஒரு லீவுக்கு மாமனாரோட வடக்கன்குளம் கூட்டிட்டு போங்க, அடுத்த லீவுக்கு உங்க அப்பாவோட கமுதி. ஒரே கண்டிஷன். வடக்கன்குளத்து சுவர் கதையை மாமனார் வாயால கேக்கணும், கமுதி கதையை உங்க அப்பா வாயால கேக்கணும். மாத்தி சொன்னாங்கன்னா அது மறுபடி என் சிவப்பு பேனாதான்.

உங்க அப்பாவுக்கு கமுதி கேஸ் தெரியுமான்னு இப்பவே ஒரு போன் போட்டு கேட்டுட்டு எழுதுங்க, எனக்கும் தெரிஞ்சுக்க ஆசை.