மோளேகு சிலைப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் யூதா நாட்டு யோசியா ராஜாவைப் பற்றிப் பாடம் நடத்தப்போகிறேன். சிறகு வைத்த, மிருக முகமுள்ள பெரிய சிலையின் புகைப்படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பின்னால் கல் வளைவுகள் தெரிகின்றன. பிள்ளைகளைப் பலிகொடுத்து வணங்கியதாக வேதாகமம் சொல்லும் மோளேகு தெய்வத்தின் சிலையாம், 'அகழாய்வில் கிடைத்த மோளேகு' என்று போட்டிருக்கிறார்கள். பாடத்தில் காட்டலாமா?

பதில்: வேண்டாம். அது அநேகமாக ரோம் நகரத்துக் கொலோசியம் வாசலில் எடுத்த படம். 1914இல் வந்த இத்தாலிய ஊமைப்படம் ஒன்றுக்காகச் செய்த சிலையின் நகலை, 2019இல் கார்த்தேஜ் கண்காட்சிக்காக அங்கே வைத்திருந்தார்கள். மோளேகின் உருவத்தைப் பற்றி வேதாகமம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மோளேகு என்றதும் சொல்லப்படும், பலியிடும் பிள்ளை உருண்டு நெருப்புக் குழியில் விழும் வெண்கலக் கைகள், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜைப் பற்றி டியோடோரஸ் என்ற கிரேக்கர் எழுதியவை. அவர் சொல்லும் சம்பவம் யோசியாவுக்குச் சுமார் 300 வருஷம் பிந்தியது.

அதற்காக பலியே நடக்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். யூதாவின் ராஜாக்கள் ஆகாசும் மனாசேயும் சொந்தப் பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணினார்கள், அதாவது நெருப்பில் பலியிட்டார்கள். எரேமியா 7:31 அதை நேரடியாகவே கண்டிக்கிறது. எருசலேம் அருகே இன்னோம் பள்ளத்தாக்கில் அந்தப் பலி நடந்த இடமான தோப்பேத்தை யோசியா தீட்டாக்கியது அதை நிறுத்தத்தான்.

சொந்த மகனைப் பலியிட்ட இன்னொருவன், இஸ்ரவேலின் அண்டை நாடான மோவாபின் ராஜா மேசா; அவனைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கலாம். அதை மோளேகோடு சேர்க்காதீர்கள். 2 இராஜாக்கள் 3:27இல் அவன் பட்டணம் முற்றுகையில் சிக்கியிருக்கிறது. வேறு வழியில்லாமல் மூத்த மகனை மதிலின்மேல் பலியிடுகிறான். யாருக்கு என்று அந்த வசனத்தில் இல்லை. மோவாபியரின் தெய்வம் காமோஸ் என்பதால் அவனுக்குத்தான் என்று ஊகிக்கிறோம். 1868இல் மோவாபின் தீபோன் நகரத்தில் கிடைத்த மேசாவின் சொந்தக் கல்வெட்டு காமோசைப் புகழ்கிறது, மகனைப் பற்றிப் பேசவில்லை. போர் நெருக்கடியில் ஒரு ராஜா செய்தது வேறு, தோப்பேத்தில் வழக்கமாக நடந்தது வேறு.

அப்புறம், எருசலேம் பயணம் போகிறவர்களுக்கும் சொல்லுங்கள். இன்னோம் பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு பாறையைக் காட்டி 'பலி கொடுத்த இடம் இதுதான்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே தோப்பேத் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 'பலிப்பானை ஓடு' என்று எதையாவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலும் போலி, அசலாகவே இருந்தாலும் தொல்பொருள் துறை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுவருவது குற்றம். பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? பாடப்புத்தகம் அச்சிடுகிறவர்களில் சிலரும் இணையத்தில் கிடைத்த படத்தை அப்படியே போட்டுவிடுகிறார்கள். சரிபார்ப்பதில்லை, பழி கடைசியில் ஆசிரியர் தலையில் விழுகிறது.

பாடத்துக்குப் படம் வேண்டுமென்றால், எருசலேம் பழைய நகரத்துக்குத் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கின் இன்றைய புகைப்படத்தைக் காட்டுங்கள். சின்ன வகுப்புக்கு நெருப்பை விவரிக்க வேண்டாம், யோசியா அதை நிறுத்தினான் என்பது போதும்.