நேரச் சலுகை கொடுத்தும் ஊழியர்கள் ஏன் களைத்துப் போகிறார்கள்?

பெருந்தொற்றுக் காலத்தில் 'வசதியான நேரத்தில் வேலை பாருங்கள்' என்று சொல்லியும் குழு சோர்ந்துபோவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம், எல்லை இல்லாத சலுகை.

2020 மார்ச் 25 ஊரடங்குக்குப் பிறகு பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் அலுவலகமும் ஒரே சாப்பாட்டு மேசைக்கு வந்தன. ஒருவர் காலை 6 மணிக்கு மெயில் அனுப்புகிறார், இன்னொருவர் இரவு 11-க்குப் பதில் போடுகிறார். ஆக, இருவருமே 17 மணி நேரம் போனைப் பார்த்தபடி இருக்கிறார்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35-40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மே மாதம் சொன்னது. குழுவின் இந்தக் களைப்பைச் சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து ஒதுக்காதீர்கள்.

காலை 11 முதல் 3 வரை மட்டும் எல்லோருக்கும் பொது நேரம் என்று வையுங்கள். மீதி அவரவர் வசதி. இரவில் எழுதும் மெயிலை மறுநாள் காலை போகும்படி நேரம் குறித்து அனுப்பலாம். ஒரு மணி நேரக் கூட்டத்தை 50 நிமிடத்தில் முடியுங்கள். இந்த விதிகளை முதலில் மீறுபவர் பெரும்பாலும் மேலாளர்தான். அவர் இரவு 10 மணிக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும், சலுகை காகிதத்தோடு நின்றுவிடும்.

உடம்பையும் கவனியுங்கள். லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் உயர்த்தி, திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி வைக்கவேண்டும். ஆனால் தனி கீபோர்டு, மவுஸ் இல்லாமல் உயர்த்தினால் கழுத்து வலி தோளுக்கு மாறும், அவ்வளவுதான். அந்த இரண்டையும் அலுவலகமே வாங்கிக் கொடுப்பதுதான் நியாயம்.