தலைநகரம் பெரிய ஊராகத்தான் இருக்க வேண்டுமா?

ஐந்தாம் வகுப்பு மகள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலத் தலைநகரங்களையும் உருப்போட்டும், தேர்வில் ஃபுளோரிடாவுக்கு மயாமி, இல்லினாய்க்கு சிகாகோ என்று பெரிய ஊர்களையே எழுதிவிட்டு வந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். பட்டியலை மூடி வையுங்கள். பெயர் போடாத அமெரிக்க வரைபடம் ஒன்றை பிரிண்ட் எடுத்து, பென்சிலைக் கையில் கொடுங்கள்.

முதலில் ஃபுளோரிடா. 1821இல் அது அமெரிக்காவின் கைக்கு வந்தபோது அங்கே சொல்லிக்கொள்ளும்படி இருந்தவை இரண்டு ஊர்கள்: மேற்கு ஓரத்தில் பென்சகோலா, கிழக்குக் கரையில் செயின்ட் அகஸ்டின். சட்டமன்றம் ஒருமுறை இங்கே, மறுமுறை அங்கே கூடியது. போய்ச் சேருவதற்குள் உறுப்பினர்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் ஊருக்கு ஒருவராக இரண்டு பேர் கிளம்பி, நடுவில் இடம் பார்த்தார்கள். அதுதான் தலஹாசி, 1824இல் தலைநகரமானது. இரண்டு ஊருக்கும் அவளையே புள்ளி வைக்கச் சொல்லி, நடுவில் விரலை வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் மயாமி என்று எழுத மாட்டாள்.

குதிரைவண்டிக் காலத்தில் எல்லோருக்கும் எட்டும் தூரம் பெரிய விஷயம். இண்டியானா மாநிலத்தின் இண்டியானாபொலிஸும் இப்படி நடுவில் பார்த்து வைத்த ஊர்தான். நியூயார்க் மாநிலத் தலைநகரமான ஆல்பனியை ஹட்சன் ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போய்த் தேடட்டும். பாஸ்டன், ஃபீனிக்ஸ் போலப் பெரிய ஊரே தலைநகரமாக இருப்பதும் உண்டு. அவற்றை வேறு நிறத்தில் வட்டமிட்டால் சரி.

கொசுறாக ஒன்று: நெவாடாவின் தலைநகரமான கார்சன் சிட்டி, கடலோர லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் மேற்கே இருக்கிறது. நான் நம்பாமல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.